ஓடும் கோச்சியிலிருந்து இறங்கக் கூடாது

நாட்டில் இனிச் சிங்களம் மட்டும் என்று கொழும்பில் சட்டம் போட்டார்கள் அல்லவா, அதற்கு அடுத்த வருசம் வட்டகொடைக்கு மேலே கருங்கல் என்ற தேயிலைத் தோட்டத்துத் துரையும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். தோட்டத்தில் லீவு கேட்பதென்றால் இனி இங்கிலீசு மட்டும். அங்கே குடியிருந்த சனத்துக்குத் தமிழ் தெரியும். கடைத்தெருவில் வாங்கி விற்கிற அளவுக்குச் சிங்களம் வரும். இங்கிலீசில் தெரிந்ததெல்லாம் துரை கோபத்தில் திட்டும் இரண்டு மூன்று வார்த்தைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு லீவு கேட்க முடியாது.

துரையைக் குறை சொல்லக் கூடாது. அவர் ஆறு மாத லீவில் சீமைக்குப் போய்த் திரும்பியவர். கப்பலில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு நிறைய யோசித்திருக்கிறார். தொழிலாளிக்கு லீவு கொடு, லீவு கொடு என்று சங்கக்காரர்கள் உயிரை வாங்குகிறார்களே, குறை எங்கே இருக்கிறது? லீவில் குறையே இல்லை, இவர்கள் அதைக் கேட்கிற விதத்தில்தான் குறை என்று ஏடன் துறைமுகத்தைத் தாண்டும்போது அவருக்குப் பிடிபட்டதாம்.

இந்தக் கண்டுபிடிப்பைப் பெரட்டுக் களத்தில் வைத்துச் சனத்துக்கு விளக்கியவர் பெரிய கிளாக்கர் பொன்னையா. மலைக்குப் போகுமுன் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், மேடை மாதிரி ஒரு தேயிலைப் பெட்டியைப் போட்டு ஏறி நின்றுகொண்டார்.

“தொழிலாளப் பெருமக்களே! நீங்கள் லீவு கேட்கும் முறையில் நாகரிகம் இல்லை. தலையைச் சொறிகிறீர்கள். மூக்கைச் சிந்துகிறீர்கள். துரை தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து வந்து, செத்துப்போனவர்களின் பெயரைச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்துகிறீர்கள். சீமையில் ஒருவன் லீவு கேட்டால் கேட்கவே காது குளிரும். ஆகவே உங்களுக்காக லீவு இங்கிலீசு வகுப்பு ஆரம்பமாகிறது. படித்துத் தேறியவர்களுக்கு லீவு உண்டு. தேறாதவர்கள், தேறும்வரையில், லீவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.”

சொல்லாமல் கொள்ளாமல் போனால்? பத்துச்சீட்டு. அதாவது வேலையும் போய், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய், சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். தன் பிரஜை என்று எந்த நாடும் ஒப்புக்கொள்ளாத சனம் அந்த ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் அகப்பட்டவர்கள் காய்ச்சல்காரர்கள். சுகமில்லை என்பதையும் இங்கிலீசில்தான் சொல்ல வேண்டும். குளிரில் பல் கிட்டிப்போய் நின்றவனை, பாடம் வரவில்லை என்று மலைக்கு அனுப்பினார்கள். எவனாவது தட்டுத்தடுமாறிச் சரியாகச் சொல்லிவிட்டாலோ, “இவ்வளவு அழகாகப் பேசுகிறவனுக்கு என்ன சுகக்கேடு?” என்று கேட்டு அவனையும் மலைக்கே அனுப்பினார்கள். அந்த மாதம் தோட்டத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று துரை கொழும்புக்கு எழுதிப் பாராட்டு வாங்கினார்.

அடுத்தது கொழுந்தெடுக்கும் வேலாயி. அவள் அப்பன் கொத்மலையில் செத்துப்போனான். அழுதுகொண்டே வகுப்பில் உட்கார்ந்து, அவள் நாலு வார்த்தை படித்து முடிப்பதற்குள் அங்கே கருமாதியே முடிந்துவிட்டது. பொன்னையா அவளைக் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்: “சாவு என்ற சொல் நம் பாடப் புத்தகத்தில் இல்லையம்மா. லீவு என்பது உல்லாசத்துக்காக ஏற்பட்டது. அதைப் படி.” வேலாயி வகுப்பை விடவில்லை. கொத்மலையில் அவள் ஆத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளையாவது உயிரோடு பார்க்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் ஆண்டியப்பனுக்கு லீவு தேவைப்பட்டது.

ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளைக் கழித்துவிட்டுக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஆனால் சுற்றுவட்டத்தில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கவ்வாத்துக் கத்தி இல்லை, அவன் அழுகை. மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில் ரதி வேசம் அவனுடையது. சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் சாம்பலாகும்போது ரதி விழுந்து புரண்டு அழ வேண்டும். ஆண்டியப்பன் அழுதால் பக்கத்துத் தோட்டத்துச் சனமும் சேர்ந்து அழும். அவன் பெண்சாதி ராசம்மா பிரசவத்தில் போய்ச் சேர்ந்த வருசம்தான் முதன்முதலில் அந்த வேசத்தைக் கட்டினான். ராசம்மாவின் சிவப்புக் கூறைச் சேலையையே உடுத்திக்கொண்டு, கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, அன்றைக்கு அவன் அழுதது வேசமே இல்லை. பார்த்த சனம், “என்னமா நடிக்கிறான்யா!” என்றது. அன்றிலிருந்து அவன் எங்கே அழுதாலும் அது நடிப்பு என்றே ஆகிவிட்டது. பாவம், அதற்கு அவன் என்ன செய்வான்!

அந்தக் கைக்குழந்தைதான் பேச்சியம்மா. ஒண்டி ஆளாக நின்று வளர்த்து, உடப்புசல்லாவையில் கட்டிக் கொடுத்தான். கட்டிக் கொடுத்த அன்றைக்கு ராசம்மாவின் சேலையையும் அவள் பெட்டியில் வைத்தான். பேச்சியம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது லீவுச் சட்டம் வந்துவிட்டது. பேரன் யார் சாடை என்றுகூட அவனுக்குத் தெரியாது.

தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருந்த நஸார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பனின் காம்பரா வாசலில் வந்து மூட்டையை இறக்கினான். இறக்கியவன் அதைப் பிரிக்கவில்லை.

“ஆண்டியப்பண்ணே, உடப்புசல்லாவைக்குப் போயிருந்தேன். உங்க மகளப் பாத்தேன்.”

“நல்லா இருக்காளா? பய எப்புடி இருக்கான்?”

“நல்லா இருக்கான். அண்ணே… அவங்க இந்தியாவுக்குப் போறாங்க. மாமனாருக்குப் பாஸ்போட்டு வந்திருச்சு. முசிறிப் பக்கம் ஏதோ ஊராம். குடும்பத்தோட கெளம்புறாங்க. பௌர்ணமி கழிச்சு வர்ற வெள்ளிக்கெழம நானுஓயாவுல காலக் கோச்சி ஏறுறாங்க.”

மலைநாட்டில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பேர். ஆண்டியப்பன் அப்படியே குந்திவிட்டான். “இனிமே எப்ப வருவாளாம்?” என்று கேட்டான். நஸார் மூட்டை முடிச்சைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னான்.

“அப்பாவ வட்டகொட ஸ்டேசனுக்கு வரச் சொல்லுங்கன்னு சொல்லிச்சு. கோச்சி அங்க செத்த நேரம் நிக்குமாம். புள்ளய ஜன்னல் வழியா அப்பா கையில ஒரு தடவ குடுத்து வாங்கிக்கிறேன்னுச்சு. அம்மா சேலையிலதான் புள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்காம். அதையே ஜன்னல்ல கட்டி விடுறேன், எந்தப் பொட்டின்னு அப்பாவுக்குத் தெரியும்னுச்சு.”

வட்டகொடை ஸ்டேசன் தோட்டத்திலிருந்து இறங்கிப் போகிற தூரம்தான். ஆண்டியப்பன் மறுநாளே ஆபீசுக்கு ஓடினான். ஓடின வேகத்தில் சட்டத்தை மறந்து, தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே அழுதுவிட்டான்.

பொன்னையா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ரசித்தார். சின்னக் கிளாக்கரையும் கூப்பிட்டுக் காட்டினார். “அடடா! மாசி மாதத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறதே, ஆண்டியப்பா! அதற்குள் ரதி வந்துவிட்டாளே!”

“நெசமாத்தான் அழுவுறேங்க, சாமி.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன். நிஜம் போலவே இருக்கிறது. போ, போய் வகுப்பில் சேர்.”

பிள்ளைக்காம்பராவில்தான் வகுப்பு. பகலில் தாய்மார்கள் வேலைக்குப் போனதும் குழந்தைகளைக் கிடத்துகிற கட்டிடம் அது. அந்தியில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அதுதான் கோச்சி என்றார் பொன்னையா. தலையில் ஒரு ஸ்டேசன் மாஸ்டர் தொப்பியும் வைத்துக்கொண்டார். சீமையிலிருந்து வரவழைத்த புத்தகத்தில் பிரவுன் என்று ஒரு துரை இருந்தார். அவருக்கு ஓயாமல் லீவு. பெட்டியைக் கட்டுவார், கோச்சியில் ஏறுவார், கைக்குட்டையை ஆட்டுவார், உடம்பு தேறுவதற்காகக் குளிர்ந்த மலைக்குப் போவார், அங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்.

“அந்தத் தொர போற மல எதுங்க?” என்று கேட்டாள் வேலாயி.

“நம்முடைய மலையைப் போல ஒன்று.”

“அப்ப நாங்க எங்கங்க போறது?”

பொன்னையாவின் முகம் மலர்ந்தது. “அருமையான கேள்வி! நாம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறோம். உலகத்தார் பணம் கட்டி வருகிற இடத்தில் நமக்குக் கூலி கொடுத்து வைத்திருக்கிறார்கள். சரியாகப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே நாம் லீவில்தான் இருக்கிறோம். அதற்கான இங்கிலீசு மட்டும்தான் நம்மிடம் இல்லை.”

ஹாலிடே, ஜர்னி, லக்கேஜ், ரிட்டர்ன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நாள் முழுக்கக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவனுக்கு ஒன்று நுழைந்தால் முந்தினது வெளியே போயிற்று. காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிற பழனியாண்டிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். “அண்ணே, இது பாடமா படிச்சா வராது. கூத்தாப் படிப்போம்.” அவன் பெஞ்சில் தாளம் தட்ட, ஆண்டியப்பன் ரதியின் வரவுப் பாட்டு மெட்டில், “ஐ ஆம் கோயிங், ஆன் எ ஜர்னி” என்று இழுத்தான். வந்துவிட்டது! அன்றிலிருந்து வகுப்பு முழுவதும் அந்த மெட்டில் பாடியது. இங்கிலீசைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று முதலில் குதித்த பொன்னையா, எல்லோரும் தேறிவருவதைப் பார்த்ததும் இந்த முறையைத் தாமே கண்டுபிடித்ததாகத் துரையிடம் சொன்னார்.

பரீட்சையில் ஆண்டியப்பன் ஒரே ஒரு கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நின்றான். எதற்காகப் போகிறாய் என்ற கேள்வி.

“எம் மகள வழியனுப்ப. பேரன ஒரு தடவ தூக்கிப் பாக்க.”

“தவறு. பாடத்தில் உள்ளதைச் சொல்.”

“அவ போனா இனிமே வர மாட்டாளுங்க, சாமி.”

“அதுவும் தவறு. பிரவுன் துரை எதற்காகப் போனார்?”

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். “ஃபார் பிளெஷர், சார்.”

“அப்படிச் சொல்! இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?” என்று பொன்னையா முதுகில் தட்டிக் கொடுத்தார். ஆண்டியப்பன் வகுப்பில் முதலாவதாகத் தேறினான். அன்றைக்கு லயத்துக்குத் திரும்பியவன், கவ்வாத்துக் கத்தியை எடுத்து, காய்ந்த தேயிலை மரத்துண்டில் பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை செதுக்க உட்கார்ந்தான். அவன் பாடிக்கொண்டே செதுக்கியதைக் கேட்டதாகப் பழனியாண்டி பிற்பாடு சொன்னான்.

தேறினதுதான் வினையாகப் போயிற்று. கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியதுரை தோட்டத்தைப் பார்க்க வருகிறாராம். லீவு இங்கிலீசு வகுப்பின் பெருமையைக் காட்ட மைதானத்தில் விழாவாம். பாடத்தை நாடகமாக நடத்த வேண்டும், பிரவுன் துரை வேசத்துக்கு ஆண்டியப்பனை விட்டால் வேறு ஆள் கிடையாதாம். எல்லாம் நல்ல செய்திதான். விழா மட்டும் அந்த வெள்ளிக்கிழமை காலையில்.

“ஐயா, அன்னிக்குத்தானே எம் மக கோச்சி போகுது!”

“உனக்குத்தான் லீவு கிடைத்துவிட்டதே, ஆண்டியப்பா. சனிக்கிழமையிலிருந்து.”

“சனிக்கெழம நான் போயி யாரப் பாக்கிறதுங்க?”

பொன்னையா பொறுமையாக விளக்கினார். “யோசித்துப் பார். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு வழங்கும் விழா. விழாவுக்கு நீ வராமல் லீவில் போய்விட்டால், லீவை யாருக்கு வழங்குவது? சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இன்னும் ஒன்று. நாடகம் நன்றாக அமைந்தால்தான் மற்றவர்களுக்கு லீவு. கெட்டுப்போனால் வகுப்பையே மூடிவிடுவார்கள். உன் இஷ்டம்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேலாயி அவன் பின்னாலேயே நடந்து வந்தாள். லயத்து முடுக்கில் வைத்து அவன் காலில் விழப் போனாள். “அண்ணே, எங்காத்தா இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்குது. ஒங்க வவுறு எரியிறது தெரியாமக் கேக்கல. இருந்தும் கேக்குறேன்.” ஆண்டியப்பன் அவளைத் தூக்கி நிறுத்தினான்.

வியாழக்கிழமை கட்டுச்சோறும் கிலுகிலுப்பையும் நஸாரின் கைக்குப் போயின. “நீ ஸ்டேசனுக்குப் போயி இதக் குடுத்துரு தம்பி. கோச்சி பொறப்பட்டு வளைவுல திரும்பையில மேல பாக்கச் சொல்லு. மைதானத்துல நிப்பேன்னு சொல்லு.”

“என்ன வேலையா நிக்கிறாருன்னு கேட்டா என்னண்ணே சொல்றது?”

ஆண்டியப்பன் யோசித்தான். “லீவுல இருக்கேன்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை மைதானத்தில் கொடி, தோரணம், நாற்காலி எல்லாம் அமர்க்களமாக இருந்தன. பெரியதுரை நடுவில், துரை பக்கத்தில். எதிரே பெஞ்சுக் கோச்சி. பிரவுன் துரையாக ஆண்டியப்பன் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் என்பது ஒரு பழைய படச் சட்டம். பின்பெஞ்சுகளில் வேலாயியும் மற்றவர்களும். பழனியாண்டி தப்பில் சக்கரம் உருளுகிற தாளத்தை வாசித்தான். பொன்னையா தொப்பியோடு நின்று ஊதலை ஊதினார்.

அந்த ஊதலுக்குப் பதில் சொன்ன மாதிரி, கீழே வட்டகொடை ஸ்டேசனில் நிஜக் கோச்சி கூவியது.

ஆண்டியப்பன் தன் பாடத்தைச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. நடுவில் கோச்சி நின்றிருக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. இந்நேரம் அவள் தலையை நீட்டித் தேடுவாள், இந்நேரம் நஸார் சொல்லியிருப்பான் என்று அவன் நெஞ்சு வேறு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கோச்சி மறுபடி கூவிற்று. மைதானத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவின் வளைவில், புகையோடு அது வளைந்து வந்தது. நடுப்பெட்டி ஒன்றின் ஜன்னலில் சிவப்பாக ஒரு துணி படபடத்தது. ராசம்மாவின் சேலை. பக்கத்துக் கதவில் ஒரு பொம்பளை நின்றுகொண்டு, கையில் என்னவோ சின்னதாக ஒன்றை உயரத் தூக்கிக் காட்டினாள்.

ஆண்டியப்பன் எழுந்துவிட்டான். ஒரு கால் பெஞ்சைத் தாண்டிவிட்டது. சரிவில் விழுந்தடித்து ஓடினால் வளைவின் கடைசியிலாவது ஒரு முகத்தைப் பார்த்துவிடலாம்.

பொன்னையா பல்லைக் கடித்துக்கொண்டு சீறினார். “இறங்காதே! ஓடும் கோச்சியிலிருந்து இறங்கக் கூடாது!”

தப்பு நின்றுபோயிற்று. ஆண்டியப்பன் திரும்பிப் பார்த்தான். பின்பெஞ்சில் வேலாயி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தாள். தூக்கிய காலை அவன் மெல்ல உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தப் படச் சட்டத்துக்குள்ளிருந்து கைக்குட்டையை ஆட்டினான். கை ஓயாமல் ஆட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் கோட்டின் மேல் கொட்டியது. வளைவு முடிந்து, சிவப்பு மறைந்து, புகையும் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்டாளோ இல்லையோ, அந்தப் பிள்ளை யார் சாடையோ, யாருக்குத் தெரியும்!

“ரிட்டர்ன்! ரிட்டர்ன்!” என்று பொன்னையா அடியெடுத்துக் கொடுத்தார்.

ஆண்டியப்பன் பெஞ்சிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றினான். “ஐ ஹேவ் ரிட்டர்ன்ட், சார். இட் வாஸ் எ வெரி பிளசண்ட் ஜர்னி.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெரியதுரை எழுந்து பேசினார். பொன்னையா நெகிழ்ந்துபோய்த் தமிழ்ப்படுத்தினார்.

“எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் லீவில் போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே போவார்கள். இந்தத் தொழிலாளியைப் பாருங்கள். பொய்க் கோச்சியில், பொய்யாகப் போவதற்கே இவ்வளவு அழுகிறான்! இந்தத் தோட்டத்தை விட்டுப் பிரிவது இவர்களுக்கு எவ்வளவு வேதனை என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு லீவு கொடுப்பது கொடுமை. கம்பெனி அந்தக் கொடுமையைச் செய்யாது. இந்த நிமிசத்திலிருந்து லீவை முற்றாக நிறுத்துகிறேன்.”

மறுபடியும் கைதட்டினார்கள். விளங்காதவர்களும் வழக்கப்படி தட்டினார்கள். ஆண்டியப்பனுக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் கொடுத்து, அது நனையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் வேலாயி அவனை நிறுத்தினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “சிரிச்சுத் தொலச்சிருக்கலாமேண்ணே.” தைப்பொங்கலுக்கு முன்னமே கொத்மலையிலிருந்து சாவுச் சேதி வந்தது.

மாசி மாதம் காமன் கூத்து. இந்தத் தடவை சாமான்யமில்லை, துரையே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் பொன்னையா. மன்மதன் எரிந்தான். பழனியாண்டி தப்பை உச்சத்துக்கு ஏற்றினான். இரவல் சேலை கட்டிய ரதி சாம்பலுக்கு முன்னால் வந்து நின்றாள். சனம் முந்தானையையும் துண்டையும் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டது.

ஆண்டியப்பன் அழுவதற்கு வாயைத் திறந்தான். அப்போது நாற்காலிகள் அவன் கண்ணில் பட்டன. இந்த அழுகையை வைத்து இன்னும் எதை நிறுத்துவார்களோ என்று பயந்துபோனான். உதட்டைக் கடித்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, புருசனின் சாம்பலுக்கு முன்னால் நின்று ரதி சிரித்தாள். பழனியாண்டி மறுபடி அடித்துப் பார்த்தான். ரதி இன்னும் பலமாகச் சிரித்தாள்.

துரை பொன்னையாவின் பக்கம் சாய்ந்தார். “பார்த்தீரா, மிஸ்டர் பொன்னையா? லீவை நிறுத்தியதிலிருந்து எவ்வளவு சந்தோசமாக இருக்கிறார்கள்!”

“ஆமாம் சார்” என்றார் பொன்னையா.

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலீசு படித்ததிலிருந்து ஆண்டியப்பனுக்கு நடிக்க வரவில்லை என்று பேசிக்கொண்டே கலைந்தது. வேலாயி மட்டும் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள்.